பன்னிரண்டு கட்டங்களும் ஒரு மணியும்
ஆப்பிரிக்க இசை மரபுகளின் வழியே இசை இயற்றக் கற்பித்தல்

ஓவியப் பாடவேளையில் குழந்தை தானாகவே ஒரு படம் வரைகிறது. தமிழ்ப் பாடவேளையில் தானாகவே ஒரு கதையோ கடிதமோ எழுதுகிறது. இசைக்கென்று நாம் ஒதுக்கும் நேரத்தில் மட்டும் பிறர் செய்த பாட்டைத் திரும்பப் பாடுகிறது. ஆசிரியர் ஒரு வரி பாட, வகுப்பு அதையே பாடும். பாட்டு மனப்பாடமானால் பாடம் முடிந்தது. "நீயே ஒன்று செய்து பார்" என்று இசையில் எந்தக் குழந்தையிடமும் நாம் சொல்வதில்லை.

இதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணங்கள் மூன்று. சுரம் எழுதத் தெரிய வேண்டும், கருவிகள் வேண்டும், பிறவியிலேயே இசைத்திறன் வேண்டும். நானும் பல ஆண்டுகள் இம்மூன்றையும் நம்பினேன். நான் இசை ஆசிரியர் அல்லன் என்பதும் ஒரு வசதியான சாக்காக இருந்தது. ஆப்பிரிக்க இசை மரபுகள் சிலவற்றைப் படித்தும் கேட்டும் அறிந்த பிறகுதான் இந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அந்த மரபுகளில் இசை தாளில் எழுதப்படாமலேயே தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கிறது. ஒருவர் வாசிப்பது மிகச் சிறிய பகுதியாக இருக்கலாம். அந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதில்தான் இசை பிறக்கிறது. இயற்றுவது என்றால் பொருத்துவது என்று புரிந்துகொண்டால், நாற்பது குழந்தைகள் உள்ள வகுப்பு நமக்குச் சுமை அல்ல. அதுவே நம் கருவி.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஆப்பிரிக்கா ஒரு கண்டம். அதில் 54 நாடுகள் உள்ளன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. "ஆப்பிரிக்க இசை" என்று ஒரே இசை கிடையாது. அங்குள்ளதெல்லாம் முழவு அடிப்பதுதான் என்ற எண்ணமும் தவறு. ஆகவே இக்கட்டுரை நான்கு மரபுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் இயற்றுதலுக்கான ஒரு பாடத்தைப் பெறுகிறது.

ஏவே மக்களின் மணி: சுழற்சி

கானாவின் தென்கிழக்கிலும் அதை ஒட்டிய டோகோவின் தென்பகுதியிலும் வாழ்பவர்கள் ஏவே மக்கள். அவர்களின் ஆடல்களில் அக்பாட்ஜா என்பது பெயர் பெற்ற ஒன்று. இதற்கு வாசிக்கும் குழுவில் காங்கோகுயி என்னும் இரும்பு இரட்டை மணி உண்டு. சுரைக்குடுக்கையின் மேல் மணிகள் கோத்த வலை போர்த்திய அஹாட்சே என்னும் குலுக்கு கருவி உண்டு. காகானு, கிடி, சோகோ ஆகிய முழவுகளும் தலைமை முழவும் உண்டு.

மணி வாசிக்கும் வடிவம் பன்னிரண்டு சம துடிப்புகள் கொண்ட ஒரு சுழற்சி. அதில் ஏழு இடங்களில் மட்டும் தட்டு விழும்.

1 2 3 4 5 6 7 8 9 10 11 12
● – ● – ● ● – ● – ● – ●

பன்னிரண்டு முடிந்ததும் நிற்காமல் மீண்டும் ஒன்று. ஆடல் முடியும்வரை மணி மாறுவதில்லை. மற்ற எல்லாரும் தம் இடத்தைத் தெரிந்துகொள்வது இந்த மணியைக் கேட்டுத்தான். இதே வடிவம் யோருபா மக்களிடமும் உண்டு. அடிமை வணிகத்தில் அட்லாண்டிக் கடல் கடத்தப்பட்ட மக்களோடு இது கியூபாவுக்கும் பிரேசிலுக்கும் சென்று இன்றும் அங்கே ஒலிக்கிறது.

இந்த வடிவத்தைக் கரும்பலகையில் கடிகார முகம்போல வட்டமாக வரைந்தால் கணக்குப் பாடமும் சேர்ந்து வரும். பன்னிரண்டை 2, 3, 4, 6 ஆகிய எண்கள் மீதியின்றி வகுக்கும். காலடியை நான்காக வைத்தால் அது 1, 4, 7, 10 ஆகிய இடங்களில் விழும். அவற்றில் 1, 10 ஆகிய இரண்டு இடங்களில் மட்டுமே மணியும் விழுகிறது. காலடியை ஆறாக வைத்தால் 1, 3, 5, 7, 9, 11 வரும். முதல் பாதியில் மூன்று அடிகளும் மணியோடு சேரும். பின்பாதியில் ஓர் அடிகூடச் சேராது. ஒரே மணி, கால் மாறினால் வேறு இசையாகக் கேட்கிறது. ஏழாம் வகுப்புக் குழந்தைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடந்து பார்த்தால் போதும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று வாய்விட்டு எண்ண வைக்காதீர்கள். "பன்னிரண்டு" என்று சொல்லி முடிப்பதற்குள் துடிப்பு தப்பிவிடும். நம் சொற்கட்டு இங்கே உதவுகிறது. "தகிட" என்பதை நான்கு முறை சொன்னால் பன்னிரண்டு துடிப்பு. மணி அப்போது இப்படி அமையும்: த–ட, –கிட, –கி–, த–ட. ஏவே மக்களும் முழவு வடிவங்களை வாயால் சொல்லும் ஒலிகளைக் கொண்டே கற்பிக்கிறார்கள் என்பதால், இது அம்மரபுக்கு அயலான வழியும் அல்ல.

சிறிய முழவின் வேலை: இடம் அறிதல்

குழுவிலேயே மிகச் சிறிய முழவான காகானு வாசிப்பது மிக எளிய வடிவம். அக்பாட்ஜாவில் ஒவ்வொரு காலடிக்கும் பின்னால் வரும் இரண்டு துடிப்புகளில் மட்டும் தட்டுகிறது. நம் சொற்கட்டில் "–கிட, –கிட, –கிட, –கிட". தனியாகக் கேட்டால் ஒன்றுமில்லை போலிருக்கும். மணியோடும் காலடியோடும் சேரும்போது அது இல்லாமல் ஆடல் ஓடாது. கிடியும் சோகோவும் தலைமை முழவுக்கு மறுமொழி சொல்கின்றன. தலைமை முழவுக்காரர் மட்டுமே அதிகம் மாற்றி வாசிக்கிறார். அடுத்த பகுதிக்குப் போக வேண்டியதையும் முழவாலேயே அறிவிக்கிறார்.

வகுப்பறைக்கு இதில் ஒரு வரம் இருக்கிறது. ஒரே இசைக்குள் எளிய வேலையும் கடினமான வேலையும் அருகருகே உள்ளன. எளிய வேலையைச் செய்பவர் கடைநிலை மாணவர் அல்லர். அவர் தப்பினால் அனைவரும் தப்புவார்கள்.

அமடிண்டா: இருவர் சேர்ந்து ஒரு பாட்டு

இரண்டாவது பாடம் உகாண்டாவின் புகாண்டா அரசிலிருந்து வருகிறது. அமடிண்டா என்பது பன்னிரண்டு மரக்கட்டைகளை இரண்டு வாழைத்தண்டுகளின் மேல் கிடத்தி வாசிக்கும் கருவி. இருவர் எதிரெதிரே அமர்ந்து ஒரே கட்டைகளை வாசிக்கிறார்கள். முதலாமவர் ஒரு வரிசையைச் சீராக வாசிப்பார். இரண்டாமவர் தம் வரிசையை முதலாமவரின் தட்டுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளில் செருகுவார். இரண்டு கைவிரல்களைக் கோத்தது போல இரண்டு வரிசைகளும் கோத்துக்கொள்ளும். அப்போது கேட்கும் பாட்டு அவர்கள் இருவரில் எவரும் தனியாக வாசிக்காத பாட்டு. மூன்றாமவர் ஒருவர் அதை உற்றுக் கேட்டு, அடிச்சுரங்கள் இரண்டில் பிறக்கும் வடிவத்தை மட்டும் எடுத்து மேல்நிலையில் வாசிப்பார். அவருக்கு வேலையே கேட்பதுதான்.

இம்மரபு ஒரு பேரிழப்பையும் சந்தித்திருக்கிறது. 1966 மே மாதத்தில் மெங்கோவில் இருந்த புகாண்டா மன்னரின் அரண்மனையை அரசுப் படைகள் தாக்கின. அத்துடன் அரசவை இசை நின்றுபோனது. இசை தாளில் இல்லை, மனிதர்களிடம் இருந்தது. அரசவைக் கலைஞர் எவரிஸ்டோ முயிண்டா அதற்கு முன்பிருந்தே அரண்மனைக்கு வெளியிலும் பலருக்குக் கற்பித்து வந்தார். ஆஸ்திரிய ஆய்வாளர் கெர்ஹார்ட் கூபிக் அவரிடம் கற்றவர்களில் ஒருவர். இன்று நாம் அமடிண்டாவைப் பற்றி இவ்வளவு அறிந்திருப்பதற்கு, கற்பித்த அந்த ஆசிரியர் ஒரு முக்கியக் காரணம்.

வகுப்பில் இதைக் குரலாலேயே செய்யலாம். ஒரு குழு "ச, க, ப" என்று இடைவெளி விட்டுப் பாடட்டும். மற்றொரு குழு அந்த இடைவெளிகளில் "ரி, த, க" என்று பாடட்டும். சேர்ந்து வருவது ச ரி க த ப க. அமடிண்டாவின் ஐந்து சுரங்களின் இடைவெளிகள் ஏறத்தாழச் சமமானவை. அவை நம் மோகன ராகத்தின் சுரங்கள் அல்ல. வகுப்பு வசதிக்காகவே நாம் ச ரி க ப த பயன்படுத்துகிறோம் என்பதை மேல்வகுப்பு மாணவர்களிடம் சொல்லிவிடுவது நேர்மை.

இம்பிரா: சிறிது மாற்றுவது

ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களின் கருவி இம்பிரா. மரப்பலகையில் பொருத்திய இரும்புப் பட்டைகளைக் கட்டைவிரல்களாலும் ஆள்காட்டி விரலாலும் மீட்டி வாசிப்பது. இரண்டு இம்பிராக்கள் சேரும்போது ஒன்று குஷாவுரா, மற்றொன்று குட்சின்ஹிரா. முன்னது தொடங்கி வழிநடத்தும் பகுதி. பின்னது அதோடு பின்னிச் செல்லும் பகுதி. சில இசைகளில் இரண்டாம் இம்பிரா முதலாவது வாசிப்பதையே ஒரு துடிப்பு தள்ளி வாசிக்கும். புதிய சுரம் எதுவும் இல்லை. இடம் மட்டுமே மாறியது. ஆனால் கேட்பது முற்றிலும் புதியது.

இம்பிரா இசையின் சுழற்சி பெரும்பாலும் பன்னிரண்டு துடிப்பு கொண்ட நான்கு பகுதிகளாக அமையும். வாசிப்பவர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாலும் இருமுறை ஒரேபோல் வாசிப்பதில்லை. ஒரு சுற்றில் ஒரு சுரத்தை விடுவார்; மறு சுற்றில் ஒன்றைச் சேர்ப்பார். நம் மாணவர்கள் "மாற்று" என்றவுடன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். கட்டுரைத் திருத்தத்தில் நாம் அன்றாடம் காண்பது இது. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, என்ன ஆனது என்று கேட்கும் பொறுமையை இம்பிரா கற்றுத்தருகிறது.

இம்பிரா முன்னோரை வழிபடும் சடங்குகளில் வாசிக்கப்படுவது என்பதையும் மாணவர் அறிய வேண்டும். இம்பிரா செய்யும், வாசிக்கும் கலையை 2020இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நாம் எடுத்துக்கொள்வது அதன் இயற்றும் முறையை மட்டுமே.

எஃப்ராயிம் ஆமு: சொல்லே மெட்டைத் தரும்

நான்காவது பாடம் ஓர் ஆசிரியரிடமிருந்து. எஃப்ராயிம் ஆமு (1899–1995) கானாவின் இசையமைப்பாளர். அக்ரோபாங் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தவர். அக்காலத்தில் தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் ஐரோப்பிய மெட்டுகளில் டுவி மொழிச் சொற்களைப் பொருத்திப் பாடினார்கள். டுவியில் ஒரு சொல்லைச் சொல்லும் குரல் ஏற்ற இறக்கம் பொருளையே மாற்றும். "பாப்பா" போல ஒலிக்கும் ஒரே சொல், குரல் நிலை மாறினால் நல்லது என்றும் தந்தை என்றும் விசிறி என்றும் பொருள்படும். மெட்டு ஏறும் இடத்தில் சொல் இறங்க வேண்டியிருந்தால் பாடுவது ஒன்று, புரிவது வேறொன்று. ஆமு சொல்லின் ஏற்ற இறக்கத்திலிருந்தே மெட்டை அமைத்தார். தம் மண்ணின் தாளங்களையும் பயன்படுத்தினார். ஆப்பிரிக்க உடை அணிந்து தேவாலயத்தில் போதித்ததும் சிக்கலானது. 1933இல் அவர் அக்கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு அச்சிமோட்டாக் கல்லூரியில் பணியைத் தொடர்ந்தார். இன்று கானா மக்கள் பெருமையோடு பாடும் நாட்டுப்பற்றுப் பாடல் ஒன்று அவர் இயற்றியது.

தமிழில் குரல் ஏறி இறங்கினால் சொற்பொருள் மாறாது. நீளம் மாறினால் மாறும். கல் வேறு, கால் வேறு. ஆகவே ஆமுவின் பாடத்தை நாம் இப்படி எடுத்துக்கொள்ளலாம்: குறிலுக்கு ஒரு கட்டம், நெடிலுக்கும் ஒற்றோடு சேர்ந்த எழுத்துக்கும் இரண்டு கட்டம். "மாடு மேயுது காட்டிலே" என்று ஒரு குழந்தை சொல்கிறது. மா 2, டு 1, மே 2, யு 1, து 1, காட் 2, டி 1, லே 2. கூட்டினால் சரியாகப் பன்னிரண்டு. தட்டுகள் 1, 3, 4, 6, 7, 8, 10, 11 ஆகிய இடங்களில் விழும். இது மணியோடு ஓடும் ஒரு தாள வரி. நீளத்தைக் கவனிக்காமல் பொருத்தினால் மாடு "மடு" ஆகிவிடும். காட்டிலே "கட்டிலே" ஆகிவிடும். குழந்தைகள் சிரிப்பார்கள், குறில் நெடில் வேறுபாடு அன்றோடு மறக்காது.

வகுப்பறையில் ஆறு பாடவேளைகள்

தேவையானவை: ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும், புளியங்கொட்டை போட்ட தண்ணீர் பாட்டில்கள், பிளாஸ்டிக் குடம், மேசை, கைகள். கரும்பலகையில் பன்னிரண்டு கட்டம்.

முதல் பாடவேளை: அனைவரும் "தகிட" சொல்லி நான்கு காலடி வைக்கட்டும். அடி நிலைத்த பிறகே மணி வடிவத்தைக் கைதட்டிப் பழக வேண்டும். மெதுவாகத் தொடங்குங்கள்.

இரண்டாம் பாடவேளை: வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு குழு காலடி, ஒரு குழு மணி, ஒரு குழு காகானுவின் "–கிட". குழுக்கள் தம் வேலையை மாற்றிக்கொள்ளட்டும்.

மூன்றாம் பாடவேளை: இயற்றத் தொடங்கும் நாள். நால்வர் கொண்ட குழு தன் குறிப்பேட்டில் பன்னிரண்டு கட்டம் போட்டு ஒரு வடிவம் செய்ய வேண்டும். விதிகள் இரண்டு: தட்டுகள் ஐந்துக்கு மேல் கூடாது, மணி விழாத 2, 4, 7, 9, 11 ஆகிய கட்டங்களில் குறைந்தது இரண்டில் தட்டு விழ வேண்டும்.

நான்காம் பாடவேளை: இரண்டு குழுக்களின் வடிவங்களை மணியோடு சேர்த்து வாசிக்கச் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு குழுவும் தன் வடிவத்தில் ஒன்றை மட்டும் மாற்றட்டும்: ஒரு தட்டை நீக்கலாம், சேர்க்கலாம், அல்லது முழு வடிவத்தையும் ஒரு கட்டம் தள்ளலாம். எது ஏன் நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும்.

ஐந்தாம் பாடவேளை: குழந்தைகளே ஒரு வரி சொல்லட்டும். அதைக் குறில் நெடில் பார்த்துக் கட்டத்தில் இட்டு, மூன்று அல்லது நான்கு சுரங்களில் பாடிப் பார்க்கட்டும். ஒருவர் பாட, வகுப்பு ஒரு சிறு மறுமொழி வரியைத் திருப்பிப் பாடலாம்.

ஆறாம் பாடவேளை: முழு இசையை அமைத்தல். யார் தொடங்குவது, எப்போது ஒவ்வொருவரும் சேர்வது, எந்த இடத்தில் மணி மட்டும் ஒலிப்பது, முடிப்பதற்கு யார் குறிப்பு காட்டுவது என்பதையெல்லாம் மாணவர்களே முடிவு செய்ய வேண்டும்.

மூன்று, நான்காம் வகுப்புகளுக்குப் பன்னிரண்டு அதிகம் எனத் தோன்றினால் எட்டுக் கட்டத்தில் "தகதிமி" இருமுறை சொல்லித் தொடங்கலாம். மாறாத ஒரு வடிவம், அதன் மேல் பொருந்தும் பகுதிகள் என்ற அடிப்படை மட்டும் மாறக்கூடாது.

நான் செய்த தவறும் மதிப்பீடும்

முதன்முறை இதைச் செய்தபோது நான் மணியிலிருந்து தொடங்கவில்லை. படைப்பாற்றலுக்குச் சுதந்திரம் வேண்டும் என்று எண்ணி, "உங்களுக்குத் தோன்றியதைத் தட்டுங்கள்" என்றேன். ஐந்து நிமிடத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வாசலுக்கு வந்துவிட்டார். சத்தத்தைவிட என்னை உறுத்தியது வேறொன்று. துணிச்சலான நான்கைந்து பேர் மட்டும் தட்டினார்கள். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். சுதந்திரம் கொடுத்ததாக நான் நினைத்தது ஏற்கெனவே துணிந்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் தட்டும் கரண்டியும் ஒரு மாணவியிடம் கொடுத்தேன். "எனக்குப் பாட வராது சார்" என்று பிரார்த்தனைக் கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவர் அவர். மணி வடிவத்தை இரண்டு நாளில் பழகிவிட்டார். பிறகு வகுப்பு தடுமாறும்போதெல்லாம் எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். விதி இருந்ததால்தான் மற்றவர்களும் உள்ளே வர முடிந்தது. ஐந்து தட்டுகளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை சொல்ல எவருக்கும் அச்சம் இல்லை.

மதிப்பீட்டில் குரல் வளத்தைப் பார்க்க வேண்டாம். நான்கு கேள்விகள் போதும். தன் பகுதியைத் தப்பாமல் தாங்குகிறாரா? பிறர் பகுதியைக் கேட்டுக்கொண்டே வாசிக்கிறாரா? ஒன்றை மாற்றியதற்குக் காரணம் சொல்கிறாரா? வாசிக்காமல் காத்திருக்க வேண்டிய இடத்தில் காத்திருக்கிறாரா? சரியாக வாசிக்கும் பலர் கடைசிக் கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள்.

இந்த இசையைச் செய்த மக்களின் பெயரையும் நாட்டையும் வகுப்பில் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். உலக வரைபடத்தில் கானா, உகாண்டா, ஜிம்பாப்வே எங்கே என்று மாணவர் காட்டட்டும். ஆப்பிரிக்கா என்றால் பஞ்சமும் காடும் மட்டுமே என்று படங்களில் பார்த்து வளரும் குழந்தைக்கு, அங்கிருந்து நாம் ஒன்றைக் கற்றுக்கொள்கிறோம் என்ற செய்தியே ஒரு பாடம். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரீச் 1970இல் கானாவுக்குச் சென்று ஏவே முழவிசையைக் கற்றுத் திரும்பினார் என்பதையும் மேல்வகுப்புகளில் சொல்லலாம்.

ஆறாம் பாடவேளை முடிந்த அன்று எங்கள் இசையைக் கட்டங்களாகச் சார்ட் தாளில் எழுதினோம். அடியில் யார் பெயரை எழுதுவது என்று ஒரு மாணவன் கேட்டான். மணியை வாசித்த மாணவி, "மணி நாம செஞ்சது இல்ல, ஏவே மக்கள் செஞ்சது" என்றார். பிறகு அவர்களே முடிவு செய்து எழுதினார்கள்: மணி, ஏவே மக்கள், மற்றவை, ஏழாம் வகுப்பு. அந்தத் தாள் இன்னும் வகுப்புச் சுவரில் இருக்கிறது.